ஜனநாயகக் கட்சி வெல்ல வழி எது: முற்போக்கு வெகுசனவாதமா, மையவாதமா?

மெய்ப்பொருள் எழுதியது:

2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவில் வெளியான மூன்று தேர்தல் முடிவுகளைக் காட்டி, ஜனநாயகக் கட்சியின் இரண்டு அணிகளும், அதாவது பெரு நிறுவனங்களை எதிர்த்து உழைப்பவர் பக்கம் பேசும் முற்போக்கு வெகுசனவாதிகளும், நடுவழியை நாடும் மையவாதிகளும், தத்தம் வழியே சரி என்று மார்தட்டிக்கொள்கின்றன. தம்மை ஜனநாயக சோசலிசவாதி என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொள்ளும் ஸோரான் மம்தானி நியூயார்க் மாநகர மேயராக வென்றார். அதே நாளில் சிஐஏ அமைப்பில் பணியாற்றிய அபிகெய்ல் ஸ்பான்பர்கர் வர்ஜீனியாவிலும், கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டிய மிக்கி ஷெரில் நியூ ஜெர்சியிலும் ஆளுநர் பதவியைக் கைப்பற்றினர். முன்னவரின் வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ 15 புள்ளிகள். பின்னவருடையது 13 புள்ளிகளுக்கும் மேல். இருவருமே மிதவாதிகள் என்று அறியப்பட்டவர்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே கைவசம் உள்ள இடத்தில் ஆளை மாற்றுவது ஒன்று. எதிர்க்கட்சியின் கையில் உள்ள இடத்தைப் பறிப்பது வேறொன்று. 2018இல் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கார்ட்டெஸ், அயன்னா பிரெஸ்லி, ரஷீதா தலைப், இல்ஹான் ஓமர் ஆகிய நால்வரும் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தபோது ஊடக வெளிச்சம் முழுவதும் அவர்கள்மீதே விழுந்தது. ஆனால் அந்த நான்கு தொகுதிகளும் அதற்கு முன்பே ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள். அந்த ஆண்டு குடியரசுக் கட்சியிடமிருந்து ஏறத்தாழ 40 இடங்களைப் பறித்துப் பெரும்பான்மை பெற்றுத் தந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பான்பர்கர், ஷெரில், மிச்சிகனின் எலிசா ஸ்லாட்கின் போன்ற மிதவாதிகளே. குடியரசுத் தலைவர் தேர்தலின் தலைவிதியும் நியூயார்க்கில் எழுதப்படுவதில்லை. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களில்தான் எழுதப்படுகிறது. ஆகவே வெற்றி ஒன்றே அளவுகோல் என்றால் நடுவழிதான் சரியான வழி என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் ஆதாரத்துடன் மறுக்கலாம்.

செங்காந்தள் எழுதியது:

மறுக்கிறேன். வெற்றி ஒன்றே அளவுகோல் என்று நீங்களே வரம்பு கட்டிவிட்டதால் அதற்குள் நின்றே மறுக்கிறேன்.

2016இல் ஹிலரி கிளின்டனை நிறுத்தியவர்கள் "வெல்லக்கூடிய வேட்பாளர்" என்ற ஒரே வாதத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாடு முழுவதும் 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் மாநிலவாரிக் கணக்கில் அவர் தோற்றார். நீங்கள் குறிப்பிட்ட அதே மூன்று மாநிலங்களில், மூன்றையும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அவற்றுள் மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய இரண்டிலும் அதே ஆண்டில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அவரை வென்றவர் முற்போக்கு அணியின் பெர்னி சாண்டர்ஸ். 2024இல் கமலா ஹாரிஸ் தம் பரப்புரையின் இறுதி வாரங்களில், ட்ரம்பை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரரான லிஸ் சேனியை மேடைக்கு மேடை அழைத்துச் சென்றார். குடியரசுக் கட்சியின் அதிருப்தியாளர்கள் திரளாக வருவார்கள் என்பது கணக்கு. அவர்கள் வரவில்லை.

2018ஐப் பற்றிப் பேசும்போது செனட் அவையை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த ஆண்டு வடக்கு டகோட்டாவில் ஹெய்ட்கேம்ப், இண்டியானாவில் டானலி, மிசூரியில் மெக்காஸ்கில் என மூன்று மிதவாதிகள் பதவியில் இருந்தபடியே தோற்றார்கள். கட்சிக்குச் சாதகமான அலை வீசிய ஆண்டிலேயே இந்த நிலை. அதே மிசூரியில், அதே நாளில், அதே வாக்குச்சீட்டில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 12 டாலராக உயர்த்தும் முன்மொழிவு 62 விழுக்காடு வாக்குகளுடன் நிறைவேறியது. உழைப்பவரின் கூலியை உயர்த்துவதற்கு ஆம் என்று குறியிட்ட பலர், கட்சியின் மிதவாத வேட்பாளருக்கு இல்லை என்று குறியிட்டிருக்கிறார்கள். 2020இல் புளோரிடாவிலும் இதுவே நடந்தது. 15 டாலர் குறைந்தபட்ச ஊதியத்துக்கான திருத்தம் நிறைவேறத் தேவையான 60 விழுக்காட்டைத் தாண்டி ஏறத்தாழ 61 விழுக்காடு பெற்றது. அதே மாநிலத்தை ட்ரம்ப் மூன்று புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். வெகுசனக் கொள்கைக்கு அங்கே வாக்கு இருக்கிறது. அதை வாங்கத்தான் கட்சிக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் குடியரசுக் கட்சியின் இடத்தை 2018இல் பறித்த கேட்டி போர்ட்டர், அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற கொள்கையை ஆதரித்தவர். அவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

கணக்காயர் எழுதியது:

இருவரும் தமக்கு வாய்ப்பான எடுத்துக்காட்டுகளைப் பொறுக்கி எடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இந்த விளையாட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். போர்ட்டர் என்று ஒருவர் சொன்னால் காரா ஈஸ்ட்மன் என்று மற்றவர் சொல்லலாம். நெப்ராஸ்காவின் இரண்டாம் தொகுதியில் 2018இல் மிதவாதியான முன்னாள் உறுப்பினர் பிராட் ஆஷ்ஃபோர்டை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்திய முற்போக்காளர் அவர். அந்த ஆண்டும் தோற்றார், 2020இலும் தோற்றார். 2020இல் அதே தொகுதியைப் பைடன் வென்றார் என்பது அவருடைய தோல்வியின் எடையைக் கூட்டுகிறது.

தனித்தனி எடுத்துக்காட்டுகளைத் தாண்டிப் பார்க்க வேண்டுமானால் அரசியல் அறிவியலாளர் ஆண்ட்ரூ ஹால் 2015இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 1980 முதல் 2010 வரையிலான பிரதிநிதிகள் சபை உட்கட்சித் தேர்தல்களில், தீவிர நிலைப்பாடு கொண்ட வேட்பாளரும் மிதவாதியும் ஏறத்தாழச் சமமாக மோதி, மயிரிழையில் முடிவான போட்டிகளை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அத்தகைய போட்டிகளில் யார் வெல்வது என்பது கிட்டத்தட்டக் குருட்டதிர்ஷ்டம். ஆகவே பிந்தைய வேறுபாட்டுக்கு வேட்பாளரின் நிலைப்பாடே காரணம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தீவிரமானவர் வென்ற இடங்களில், பொதுத் தேர்தலில் கட்சியின் வாக்கு விகிதம் சராசரியாக 9 முதல் 13 புள்ளிகள் வரை சரிந்தது.

அதைவிடச் சுவையானது டேனியல் தாம்ப்சனுடன் சேர்ந்து அவர் செய்த அடுத்த ஆய்வு. தீவிரமான வேட்பாளர் தம் ஆதரவாளர்களை எழுப்பி வாக்குச்சாவடிக்குக் கொண்டுவருவார் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அவர்கள் கண்டது நேர்மாறானது. அத்தகைய வேட்பாளர் நின்றால், எதிர்க்கட்சியின் ஆதரவாளர்களே அதிகம் திரண்டு வருகிறார்கள்.

இதில் எளிய கூட்டல் கழித்தலும் உண்டு. எதிரணிக்கு வாக்களித்துவந்த ஒருவர் நம் பக்கம் மாறினால் வித்தியாசத்தில் இரண்டு வாக்குகள் நகர்கின்றன: அங்கே ஒன்று குறைகிறது, இங்கே ஒன்று கூடுகிறது. வீட்டிலேயே இருந்த ஒருவரை அழைத்து வந்தால் ஒன்றுதான். உறங்கும் வாக்காளர்களெல்லாம் இடதுசாரிகள் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் போதாது. 2024இல் வாக்களிக்காதவர்களைப் பியூ ஆய்வு மையம் பின்னர் விசாரித்தபோது, வந்திருந்தால் அவர்கள் ஏறத்தாழச் சமமாகவே, சற்று ட்ரம்ப் பக்கம் சாய்ந்தே வாக்களித்திருப்பார்கள் என்று தெரியவந்தது.

செங்காந்தள் எழுதியது:

கணக்காயர் அவர்களே, 1980 முதல் 2010 வரை என்பது வேறொரு காலம். ஒரே வாக்காளர் குடியரசுத் தலைவருக்கு ஒரு கட்சியையும் காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றத்துக்கு இன்னொரு கட்சியையும் தேர்ந்தெடுத்த வழக்கம் அப்போது இன்னும் உயிரோடு இருந்தது. இன்று அது அருகிவிட்டது. வேட்பாளர் மிதவாதியா தீவிர நிலைப்பாடு கொண்டவரா என்பதால் நகரும் வாக்குகளும் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஹாலின் அளவீடு நன்கொடையாளர்களின் போக்கைக் கொண்டு வேட்பாளரின் நிலைப்பாட்டை ஊகிப்பது. அதில் தொழிற்சங்கத்துக்காகக் குரல் கொடுப்பவரும், பல்கலைக்கழகப் பண்பாட்டுச் சர்ச்சைகளில் முன்வரிசையில் நிற்பவரும் ஒரே "இடது" என்ற பெட்டிக்குள் விழுந்துவிடுகிறார்கள். நான் வாதிடுவது முதலாமவருக்காக.

அலைவரிசை எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 2025 இலையுதிர் காலத்தில் சில வார இறுதிகளில் ஷெரிலுக்காக வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டேன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

எங்கள் கையிலிருந்த செயலியில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே "உறுதியான ஆதரவு", "சாய்வு", "முடிவெடுக்கவில்லை" என்ற கட்டங்கள் இருக்கும். முடிவெடுக்கவில்லை என்ற கட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் அந்த வேட்பாளர் இடதா, நடுவா என்று கேட்கவில்லை. ஒரு வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் கதவைப் பாதி திறந்து வைத்தபடி, உள்ளே போய் இரண்டு மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து வந்தார். ஒன்று மே மாதத்தியது, மற்றது ஜூலை மாதத்தியது. அந்தக் கோடையில் மாநிலம் முழுவதும் மின்கட்டணம் 20 விழுக்காடு வரை உயர்ந்திருந்தது. இரண்டையும் கதவின்மேல் அருகருகே வைத்துப் பிடித்துக்கொண்டு, "இதற்கு அந்த அம்மா என்ன செய்யப்போகிறார்?" என்று மட்டும் கேட்டார். பதவியேற்ற முதல் நாளிலேயே அவசரநிலை அறிவித்துக் கட்டண உயர்வை நிறுத்திவைப்பதாக ஷெரில் சொல்லியிருக்கிறார் என்றேன். சட்டப்படி அது முடியுமா என்று அடுத்த கேள்வி வந்தது. நல்ல கேள்வி, எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன்.

நான் சொல்லவருவது இதுதான். மையவாதி என்று நீங்கள் பட்டியலிடும் ஷெரில் மின்கட்டணத்தை உறைய வைப்பேன் என்றார். வெகுசனவாதி என்று பட்டியலிடும் மம்தானி, அரசு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வீடுகளின் வாடகையை உறைய வைப்பேன் என்றார். இரண்டும் விலையில் நேரடியாகக் கைவைக்கும் வாக்குறுதிகள். பொருளாதாரப் பாடநூலின்படி இரண்டுமே ஒரே வகை "பாவம்". ஆனால் ஒருவரை மிதவாதி என்றும் மற்றவரைத் தீவிர நிலைப்பாடு கொண்டவர் என்றும் அழைக்கிறோம். ஏன்? ஒருவர் சீருடை அணிந்து பணியாற்றியவர், மற்றவர் சோசலிசவாதி என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர். வேறுபாடு வாக்குறுதியில் இருப்பதைவிட ஆளின் தோற்றத்திலும் வரலாற்றிலும்தான் அதிகம் இருக்கிறது.

மெய்ப்பொருள் எழுதியது:

அலைவரிசையின் பதிவு இழையின் திசையையே சற்று மாற்றிவிட்டது, நல்லதுதான். ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. ஆளின் தோற்றமும் வரலாறும் வாக்காளருக்கு நம்பிக்கை தருகின்றன என்றால், மிதவாதம் என்பதன் பெரும்பகுதி அந்த நம்பிக்கைதான். செங்காந்தள் எடுத்துக்காட்டிய புளோரிடாவையே பாருங்கள். 15 டாலர் ஊதியத்தைப் பைடனும் ஆதரித்தார். ஆகவே கொள்கை இடப்பக்கம் போதாததால் அங்கே தோற்றார் என்று சொல்ல வழியில்லை. கொள்கை பிடித்திருந்தும் அதைச் சொல்லும் கட்சியின்மீது நம்பிக்கை இல்லை. வாக்காளர் கொள்கையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு கட்சியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

2020 தேர்தல் முடிந்த சில நாட்களில் கட்சி உறுப்பினர்களுக்கிடையே நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் ஸ்பான்பர்கர் கொதித்தெழுந்தது வெளியே கசிந்தது. "சோசலிசம்" என்ற சொல்லையும், காவல்துறைக்கு நிதியை வெட்டுவோம் என்ற முழக்கத்தையும் இனி எவரும் எடுக்கக்கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் தொகுதியில் அவரே அந்த முழக்கத்தை எழுப்பவில்லை. வேறொரு நகரத்தில் வேறொருவர் எழுப்பியதற்கு அவர் விளம்பரத்துக்கு விளம்பரம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாதுகாப்பான தொகுதியில் நிற்பவரின் பேச்சுக்கு விலை கொடுப்பவர் ஊசலாடும் தொகுதியில் நிற்பவர். முற்போக்கு அணி இந்தச் செலவைத் தன் கணக்கேட்டில் எழுதுவதே இல்லை.

செங்காந்தள் எழுதியது:

எழுதுகிறோம். மையவாதிகள் வைக்கும் செலவையும் சேர்த்து எழுதுகிறோம் என்பதுதான் வேறுபாடு. 2021ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு குழந்தைகளுக்கான வரிச்சலுகை விரிவாக்கப்பட்டு, ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் விழுந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர் வரை, மூத்த குழந்தைக்கு 250 டாலர் வரை. குழந்தை வறுமை அந்த ஆண்டில் வரலாறு காணாத அளவுக்குக் குறைந்தது. ஆறு மாதம் முடிந்ததும் அந்தத் திட்டம் நின்றுபோனது. 50க்கு 50 என்று பிளவுபட்ட செனட் அவையில் அதை நீட்டிக்க மறுத்தவர் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின். நீங்கள் போற்றும் மிதவாதத்தின் திருவுரு. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டபோது அந்தக் குடும்பங்களிடம் உயர்ந்த விலைதான் இருந்தது, மாதப் பணம் இல்லை. கொடுத்ததைப் பறித்துக்கொண்ட கட்சிக்கு 2024இல் யார் நன்றிக் கடன் செலுத்துவார்கள்?

கணக்காயர் எழுதியது:

மான்சினைப் பற்றிய இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

2016இல் ட்ரம்ப் ஏறத்தாழ 42 புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம் மேற்கு வர்ஜீனியா. அங்கே 2018இல் மான்சின் சுமார் மூன்று புள்ளிகளில் தப்பிப் பிழைத்தார். அவர் தோற்றிருந்தால் 2021 செனட் அவையில் 50 என்ற எண்ணிக்கையே ஜனநாயகக் கட்சிக்கு இருந்திருக்காது. அந்த மாதப் பணத்தைத் தொடங்கிவைத்த 1.9 லட்சம் கோடி டாலர் மீட்புச் சட்டம் செனட்டில் 50க்கு 49 என்ற கணக்கில்தான் நிறைவேறியது. ஆறு மாதத்தோடு நிறுத்தியவரும் மான்சின்தான். ஆறு மாதமாவது கிடைக்கக் காரணமானவரும் மான்சின்தான். அந்த இடத்தில் ஒரு முற்போக்காளரை நிறுத்தியிருந்தால் குடியரசுக் கட்சியின் உறுப்பினர் ஒருவர் வந்து அமர்ந்திருப்பார். 2024இல் மான்சின் போட்டியிடாமல் விலகியதும் அந்த இடம் எதிர்ப்பே இல்லாதது போலக் குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது.

இனி, வெகுசனவாதத்துக்கு நான் எதிரி அல்ல என்பதற்கு ஒரு சான்று. 2024 செனட் தேர்தலில் நெப்ராஸ்காவில் டான் ஆஸ்போர்ன் என்ற மெக்கானிக் சுயேச்சையாக நின்றார். 2021இல் ஒமாஹாவின் கெல்லாக்ஸ் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். பெரு நிறுவனங்களைக் கடுமையாகச் சாடினார். எல்லைக் காவலில் கண்டிப்பு வேண்டும் என்றார். எந்தக் கட்சியின் ஆதரவையும் ஏற்க மறுத்தார். ஹாரிஸ் அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 20 புள்ளிகளில் தோற்றபோது, ஆஸ்போர்ன் ஏழு புள்ளிகளுக்கும் குறைவாகவே தோற்றார். ஓஹையோவில் ஷெரட் பிரவுன் பல்லாண்டுகளாகத் தடையற்ற வணிக ஒப்பந்தங்களை எதிர்த்துவரும் தொழிற்சங்க ஆதரவாளர். ஹாரிஸ் 11 புள்ளிகளில் இழந்த மாநிலத்தில் அவர் நான்குக்கும் குறைவான புள்ளிகளில் இழந்தார். மான்டானாவின் ஜான் டெஸ்டர் மிதவாதி என்று பெயர் பெற்றவர். ஹாரிஸ் அங்கே சுமார் 20 புள்ளிகளில் தோற்றார், டெஸ்டர் சுமார் ஏழு.

மூவரும் தோற்றார்கள். ஆனால் மூவரும் குடியரசுத் தலைவர் வேட்பாளரான ஹாரிஸைவிட வெகுதூரம் முன்னே ஓடித் தோற்றார்கள். ஆஸ்போர்ன், பிரவுன் இருவரும் வெகுசனவாதிகள், டெஸ்டர் மிதவாதி. இவர்களுக்குள் பொதுவாக இருப்பது கட்சித் தலைமையிடமிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். வாஷிங்டனுக்கு மனு எழுதுபவராக இல்லாமல், வாஷிங்டனைப் பார்த்துச் சலித்துக்கொள்பவராகத் தோன்றுவது.

தொலைநோக்கு எழுதியது:

அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து ஒரு தகவல். பிரிட்டனின் தொழிற்கட்சி 2017இல் இடதுசாரியான ஜெரமி கார்பின் தலைமையில் 40 விழுக்காட்டை, அதாவது ஏறத்தாழ 1.29 கோடி வாக்குகளைப் பெற்றது. கிடைத்த இடங்கள் 262, முடிவு தோல்வி. 2024இல் கியர் ஸ்டார்மர் கட்சியை நடுவுக்கு இழுத்து வந்தார். பெற்றது 33.7 விழுக்காடு, ஏறத்தாழ 97 இலட்சம் வாக்குகள். கிடைத்த இடங்கள் 411. 2019இல் 202 இடங்களோடு படுதோல்வி அடைந்த கார்பின்கூட ஸ்டார்மரைவிட அதிக வாக்குகள் வாங்கியிருந்தார்.

இதை வைத்து "பார்த்தீர்களா, இடதுதான் மக்களின் விருப்பம்" என்று ஒருவரும், "பார்த்தீர்களா, நடுவழிதான் வெல்லும்" என்று மற்றவரும் கூத்தாடலாம். உண்மையில் 2017இல் பழமைவாதிகளின் வாக்கு 42 விழுக்காட்டுக்கு மேல் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. 2024இல் அது 24 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்து, 14 விழுக்காடு நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்குப் போனது. எதிரணி உடைந்ததுதான் முதன்மைக் காரணம். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: கார்பினின் வாக்குகள் பெருநகரங்களிலும் பல்கலைக்கழக நகரங்களிலும் மலைபோல் குவிந்து வீணாயின, ஸ்டார்மரின் வாக்குகள் தேவையான தொகுதிகளில் தேவையான அளவுக்கு மெல்லியதாகப் பரவியிருந்தன. தொகுதிவாரியாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் எத்தனை வாக்கு என்பதைவிட எங்கே வாக்கு என்பதே கேள்வி. அமெரிக்க செனட் அவைக்கு இது இன்னும் பொருந்தும். பயமுறுத்தாத வேட்பாளருக்கு அங்கே கிடைக்கும் ஆதாயம் எதிரணியினர் வாக்களிக்காமல் வீட்டில் இருந்துவிடுவதுதான்.

பிரேசிலையும் மறக்க வேண்டாம். 2022இல் முன்னாள் தொழிற்சங்கத் தலைவரான லூலா, தம்மை 2006இல் எதிர்த்து நின்ற அதே நடுவழியாளர் ஜெரால்டோ அல்க்மினைத் துணைத் தலைவர் வேட்பாளராக அணைத்துக்கொண்டு 50.9 விழுக்காட்டில் வென்றார். தொழிற்சங்கத் தலைவரின் குரலும், முதலீட்டாளரைக் கலவரப்படுத்தாத கையொப்பமும் ஒரே சீட்டில் இருந்தன.

செங்காந்தள் எழுதியது:

லூலாவைச் சொன்னவர் மெக்சிகோவையும் சொல்லியிருக்கலாம். 2018இல் இடதுசாரியான லோபெஸ் ஒப்ரடோர் 53 விழுக்காட்டில் வென்றார். குறைந்தபட்ச ஊதியத்தை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தி, முதியோருக்கான உதவித்தொகையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார். 2024இல் அவர் கட்சியின் கிளாடியா ஷேன்பாம் 59 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார். உலகெங்கும் ஆளுங்கட்சிகள் அடிவாங்கிய ஆண்டு அது. ஆனால் அங்கே ஆளுங்கட்சியின் வாக்கு கூடியது. நடுவில் நின்று சாதித்ததல்ல அது.

மம்தானியையும் "நியூயார்க்தானே" என்று தள்ளிவிட வேண்டாம். 2024 தேர்தல் முடிந்த கையோடு அவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பிராங்ஸின் ஃபோர்டம் சாலையிலும் குவீன்ஸின் ஹில்சைடு அவென்யூவிலும் நின்றார். ட்ரம்புக்கு வாக்களித்தவர்களையும் வாக்களிக்கவே செல்லாதவர்களையும் பார்த்து ஏன் என்று கேட்டார். அந்தக் காணொளியில் அவர் பெரும்பாலும் வாதாடவில்லை, கேட்டுக்கொண்டு நின்றார். வாடகை, மளிகை, பேருந்துக் கட்டணம் என்று வந்த பதில்களே ஓராண்டு கழித்து அவருடைய பரப்புரையாக மாறின. மேயர் தேர்தலில் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தது 1969க்குப் பிறகு அதுவே முதல் முறை.

கணக்காயர் எழுதியது:

அந்தக் காணொளி சிறந்த அரசியல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முடிவையும் முழுதாகச் சொல்லுங்கள்: ஹாரிஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்ற நகரத்தில் மம்தானி பாதியைச் சற்றே தாண்டினார். எதிரே ஆண்ட்ரூ கூமோ என்ற இன்னொரு ஜனநாயகக் கட்சிக்காரரும் சுயேச்சையாக நின்றார் என்பதால் ஒப்பீடு நேரானதல்ல. எனினும் அந்த அதிக வருகையில் ஒரு பகுதி அவரைத் தடுக்க வந்தவர்கள் என்பதும் வெளிப்படை. ஹாலும் தாம்ப்சனும் சொன்னது இதைத்தான். அந்த நகரத்தில் அதைத் தாங்கும் அளவுக்குக் கட்சிக்குச் சேமிப்பு இருந்தது. ஓஹையோவில் இல்லை.

மெய்ப்பொருள் எழுதியது:

ட்ரம்பைப் பற்றி இதுவரை யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. 2016இல் அவருடைய கட்சி முதியோர் ஓய்வூதியத்தையும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரையும் வெட்ட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தது. அக்கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தலைவர் பால் ரயன் அதற்கு வரைவே எழுதிவைத்திருந்தார். ட்ரம்ப் இரண்டிலும் கை வைக்க மாட்டேன் என்றார். குடியேற்றத்தில் எவ்வளவு கடுமையாகப் பேசினாரோ, அவ்வளவுக்கு இந்த விஷயத்தில் தம் கட்சியை விட்டு நடுவுக்கு நகர்ந்தார். தொழிற்சாலை மூடிய ஊர்களில் ஒபாமாவுக்கு வாக்களித்தவர்கள் பலர் அவர் பக்கம் போனதற்கு இந்த நகர்வும் ஒரு காரணம். அவர் வெகுசனவாதியா, மையவாதியா? இரண்டும்தான், வெவ்வேறு பொருளில்.

இதையே ஜனநாயகக் கட்சிக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் வேட்பாளர் இவர்: கூலியிலும் விலையிலும் செங்காந்தள் கேட்கும் அளவுக்குக் கறாராக இருப்பவர், குற்றம், எல்லை, பண்பாட்டுச் சர்ச்சை ஆகியவற்றில் தம் தொகுதியின் நடுவில் நிற்பவர், கட்சித் தலைமைக்கு ஒரு முறையாவது மக்கள் பார்க்க "முடியாது" என்று சொன்னவர். இப்படிப்பட்டவர்களை நன்கொடையாளர்களுக்கும் பிடிக்காது, களப்பணியாளர்களுக்கும் பிடிக்காது. முன்னவருக்கு முதல் பாதி கசக்கும், பின்னவருக்கு இரண்டாம் பாதி. உட்கட்சித் தேர்தலில் இவர்கள் அரிதாகவே மேலே வருவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

இரண்டாம் பாதியில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. தொகுதியின் நடுவில் நிற்பது என்று நீங்கள் மென்மையாகச் சொல்வது, யாரோ ஒரு சிறுபான்மையினரின் உரிமையைத் தேர்தல் முடியும் வரை மூடி வைப்பதாகப் பல நேரங்களில் முடிகிறது. 1996இல் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் மறுதேர்தலுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், ஒருபாலினத் திருமணங்களை மத்திய அரசு ஏற்காது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். அவர் வென்றார். அந்தச் சட்டத்தின் மையப் பகுதி 2013இல் உச்ச நீதிமன்றத்தில் வீழும் வரை 17 ஆண்டுகள் அதன் சுமையை வேறு யாரோ சுமந்தார்கள். தேர்தல் கணக்கில் அந்தப் பத்தி காலியாகவே இருக்கிறது.

அலைவரிசை எழுதியது:

அந்த வாதம் நியாயமானது. ஆனால் நான் தட்டிய கதவுகளில் உரிமைகளைக் கைவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதை முதலில் பேசுகிறீர்கள் என்பதைத்தான் கவனித்தார்கள். இரண்டு நிமிடத்தில் கதவு மூடிவிடும். அதில் ஒன்றரை நிமிடம் மின்கட்டணம் பேசியவருக்கு மீதி அரை நிமிடத்தில் மற்றதைச் சொல்ல அனுமதி கிடைத்தது. வரிசையை மாற்றிய சக தொண்டர்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை.

கணக்காயர் எழுதியது:

2026 நவம்பரில் இரண்டு சோதனைகள் வருகின்றன. பிரவுன் ஓஹையோவில் மறுபடியும் செனட் களத்தில் இறங்குவதாக அறிவித்திருக்கிறார். ஆஸ்போர்ன் நெப்ராஸ்காவில் குடியரசுக் கட்சியின் பீட் ரிக்கெட்ஸை எதிர்த்து மறுபடியும் சுயேச்சையாக நிற்கிறார். வென்றால் இது சரி, தோற்றால் அது சரி என்று அன்றிரவே தீர்ப்பு எழுதிவிடாமல், இருவரின் வாக்கையும் அதே மாநிலங்களில் 2024இல் ஹாரிஸ் வாங்கியதோடும், அதே நாளில் ஏனைய மாநிலங்களில் மிதவாதிகள் வாங்குவதோடும் வைத்துப் பார்ப்போம். குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லாத ஆண்டில் ஆளுங்கட்சிக்கு எதிராக எல்லா இடத்திலும் சில புள்ளிகள் நகர்வது வழக்கம் என்பதால் அந்தப் பொது நகர்வை முதலில் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது வேட்பாளரின் சொந்தச் சம்பாத்தியம். அதில் பிரவுன் மிதவாதிகளைவிட அதிகம் சம்பாதித்தால் செங்காந்தள் சொல்வதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. குறைவாகச் சம்பாதித்தால் அவர் என்ன சொல்வார் என்பதை இப்போதே இங்கே எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

எழுதிவைக்கிறேன். பிரவுன் அந்தக் கழித்தலுக்குப் பிறகும் பின்தங்கினால், ஓஹையோ போன்ற மாநிலங்களில் கட்சியின் பெயரோடு வெகுசனவாதம் செல்லாது, ஆஸ்போர்னைப் போலக் கட்சியை விட்டு வெளியே நின்றுதான் பேச வேண்டும் என்ற முடிவுக்கு வருவேன். மையவாதம் வென்றது என்ற முடிவுக்கு வர மாட்டேன். அதற்கு டெஸ்டர் போன்ற ஒருவர் ஓஹையோவில் நின்று காட்ட வேண்டும்.